பார்லி இல்லாமல் பீர் காய்ச்சப் போகிறவர்களுக்கு: சிங்க்கில் ஊற்றிய காசிலிருந்து சில குறிப்புகள்

பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இருக்க வேண்டிய இடத்தில் சிறுதானிய மால்ட்டைப் போட்டு, மற்றதையெல்லாம் வழக்கமான செய்முறைப்படியே செய்தால் குளூட்டன் (கோதுமை, பார்லியில் உள்ள, சிலருக்கு ஒத்துக்கொள்ளாத புரதம்) இல்லாத பீர் கிடைத்துவிடும் என்றுதான் இதில் இறங்கும் எல்லோரும் நினைக்கிறோம். கிடைக்காது. கிடைப்பது கலங்கலான, நீர்த்துப்போன, பச்சை மாவு வாடை அடிக்கிற ஒரு திரவம். நாள் முழுக்க அடுப்பருகே நின்று, வாரக்கணக்கில் காத்திருந்து, பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை சிங்க்கில் ஊற்றும்போது வருகிற எரிச்சல், காசு போன எரிச்சலைவிடப் பெரியது. காசும் ஒன்றும் குறைவில்லை. அமெரிக்காவில் பார்லி பீர் ஒரு ஈடு, அதாவது 5 கேலன் அல்லது 19 லிட்டர், காய்ச்ச 40 டாலர் சாமான் போதும். குளூட்டன் இல்லாத மால்ட், என்சைம், ஷிப்பிங் என்று கூட்டினால் 80 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். கெட்டுப்போன ஈடுகளும் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் சாமான்களுமாக எனக்குப் போனது சுமார் 500 டாலர். பார்லியில் காய்ச்சிப் பழகிய நண்பர்களுக்கு இந்தச் சிக்கல்கள் தெரியாது, தெரிந்தவர்கள் ஆளுக்கொரு துண்டாகச் சொல்வார்கள். அதனால் எந்த இடத்தில் என்ன கெடும், ஏன் கெடும் என்று வரிசையாக எழுதிவைக்கிறேன்.

சட்டத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் 1978-இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, ஒரே ஒரு பெரியவர் இருக்கும் வீடு ஆண்டுக்கு 100 கேலனும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெரியவர்கள் இருக்கும் வீடு 200 கேலனும் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். விற்கக் கூடாது. அதையே சூடாக்கி ஆவியை வடித்துச் சாராயமாக்குவது வேறு விஷயம், அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவதே குற்றம். அமெரிக்காவில் கற்றதை லீவில் ஊருக்குப் போய்ச் செய்துகாட்டும் ஆசை வேண்டாம்.

அடுத்தது, குளூட்டன் இல்லாத பீர் காய்ச்ச வேண்டும் என்றதும் கடைக்காரர்கள் கையில் திணிக்கிற அந்தச் சின்னக் குப்பி. பார்லி பீர் நொதிக்கும்போது சில மில்லி ஊற்றினால் குளூட்டன் போய்விடும் என்பார்கள். அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கும் ஒரு என்சைம், பார்லியின் ஹோர்டீன் புரதத்தை ப்ரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களில் வெட்டித் துண்டாக்கும். பீர் கலங்கலாகாமல் இருக்க வேண்டும் என்று வந்த சரக்குதான் இது. துண்டாக்கினால் குளூட்டன் அழிந்ததா, அளக்க முடியாத துண்டுகளாக மிச்சம் இருக்கிறதா என்பதுதான் சிக்கல். 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே இருந்தால் குளூட்டன் இல்லாதது என்று போட்டுக்கொள்ளலாம் என 2013-இல் விதி கொண்டுவந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, நொதித்த உணவுகளுக்கு 2020-இல் தனி விதி போட்டது. நொதித்த பிறகு அளந்து உறுதிசெய்ய நம்பத்தக்க முறை இல்லை, ஆகவே நொதிக்கும் முன்பே மூலப்பொருள் குளூட்டன் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கோதுமை வயிற்றுக்கு லேசாக ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தக் குப்பியை நம்பிக் குடிக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். சீலியாக் (குளூட்டன் பட்டால் குடல் பாதிக்கும் நோய்) என்று டாக்டர் எழுதிக்கொடுத்தவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதே காரணத்தால், வீட்டில் சோதிக்கும் குளூட்டன் டெஸ்ட் கிட்டை பீரில் முக்கி, கோடு வரவில்லை என்று நிம்மதி அடைவதும் வீண். அந்தக் கிட்டுகளில் பெரும்பாலானவை முழுப் புரதத்தைப் பிடிப்பதற்காகச் செய்தவை, துண்டுகளை அவை கோட்டைவிடும்.

பாத்திரங்களுக்கு வருவோம். பார்லி காய்ச்சிக்கொண்டிருந்த யாரோ விற்கும் பழைய செட் பாதி விலைக்குக் கிடைக்கும்போது கை பரபரக்கும். அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அண்டா, செம்பு அல்லது ஸ்டீல் குளிர்விப்பான் சுருள், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். சூடான காரக் (அல்கலி) கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் சுத்தமாகிவிடும். பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், மரக்கரண்டி, பழைய மாஷ் பை (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் துணிப்பை, அப்படி ஊறவைப்பதுதான் மாஷ்), வாளியில் மாட்டும் பிளாஸ்டிக் திருகுகுழாய் (டேப்) ஆகியவற்றை மட்டும் புதிதாக வாங்குங்கள். பிளாஸ்டிக்கின் கீறல்களிலும் டேப்பின் உள்திருகிலும் பழைய வோர்ட் (மாஷிலிருந்து வடித்த சர்க்கரைத் திரவம்) காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டில் பழையதானால், அடியில் காய்ந்த வளையம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெரிந்தால் பிரஷ்ஷும் காரமும் போட்டாக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை அரவை மெஷின். கடையில் மால்ட் வாங்கி அங்கேயே அரைத்து வாங்கினால், அதற்கு முன் அந்த உருளைகளில் நூறு கிலோ பார்லி ஓடியிருக்கும், மாவு எல்லா மூலையிலும் இருக்கும். குளூட்டன் இல்லாத மால்ட்டைக் கண்ணெதிரே அதே மெஷினில் கொட்டிவிட்டு, நன்றாகத் தட்டிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் சொன்னபோது, 50 டாலர் மால்ட்டை எடுத்துக்கொண்டு வந்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதுதான் மிச்சம். முழுதாக வாங்கிச் சொந்த மெஷினில் அரையுங்கள், அல்லது குளூட்டன் இல்லாத தானியம் மட்டும் கையாளும் ஆலையிலிருந்து அரைத்தே வாங்குங்கள். கொலராடோ மாநிலத்தில் பனிவரகு ஏராளமாக விளைகிறது, அங்கே அதையே மால்ட் ஆக்கும் ஆலையும் உண்டு. ஓட்ஸ் வேண்டாம். அது பெரும்பாலும் கோதுமை, பார்லியோடு கலந்தே வருவது, அதன் சொந்தப் புரதமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட்டில் உலர்ந்த பாக்கெட் ஈஸ்ட்டே நல்லது, அதைப் பொதுவாக வெல்லப்பாகில் வளர்க்கிறார்கள். திரவ ஈஸ்ட் பலவும் பார்லி வோர்ட்டில் வளர்ந்தவை. எதுவானாலும் பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். பெருங்காயத்தூளில் கோதுமை மாவு இருப்பதைக் கண்டுபிடித்து சாம்பாரையே மாற்றிக்கொண்ட நம்மவர்களுக்கு லேபிள் படிப்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி நிஜமான விஷயம். பார்லியில் பீர் ஏன் சுலபம்? அதன் மாவுச்சத்து 60 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் வெந்து குழைந்துவிடும். அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் என்சைம்களும் அதே பார்லியில் இருக்கின்றன, அவையும் அதே சூட்டில்தான் மும்முரமாக வேலை செய்யும். 66 டிகிரி வெந்நீரில் கொட்டி மூடிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினாலும் வோர்ட் தயாராக இருக்கும். பனிவரகு, கம்பு, சோளம், அரிசி எல்லாம் வேகத் தொடங்குவதே 67, 68 டிகிரிக்கு மேல், முழுதாக வேக 75, 78 ஆகும். அந்தச் சூட்டில் மால்ட்டில் மாவைச் சர்க்கரையாக வெட்டும் முக்கிய என்சைமான பீட்டா அமிலேஸ் ஏற்கெனவே செத்திருக்கும். பார்லி செய்முறைப்படி 66 டிகிரியில் வைத்தால் என்சைம் உயிரோடு இருக்கும், வெட்டுவதற்கு வெந்த மாவு இருக்காது. 78-க்கு ஏற்றினால் மாவு வெந்திருக்கும், வெட்ட ஆள் இருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஈஸ்ட்டுக்குச் சர்க்கரையே போய்ச்சேராது. ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி, அதாவது தண்ணீரை 1.000 என்று வைத்துக் கணக்கிடும் அடர்த்தி, 1.050 வர வேண்டிய இடத்தில் 1.025 காட்டுவதன் காரணம் இவ்வளவுதான். இதை ஒருவர் முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளியிலிருந்து என்சைம் வாங்கி, சூட்டை மேலிருந்து கீழே இறக்கும் மாஷ். நான் சிபாரிசு செய்வது இதைத்தான். கணக்கோடு சொல்கிறேன். 19 லிட்டர் பேல் ஏல் என்ற வெளிர் நிற பீருக்கு வெளிர் பனிவரகு மால்ட் 4.5 கிலோ, கோதுமைக்கு உறவே இல்லாத பக்வீட் மால்ட் 700 கிராம், வறுத்த அரிசி மால்ட் 500 கிராம், கேரமல் பனிவரகு மால்ட் 400 கிராம். பக்வீட் நுரைக்கும் வாய்நிறைவுக்கும் உதவும், ஆனால் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் மாஷ் கொழகொழவென்று ஆகி வடியாது. அரைக்கும்போது உருளை இடைவெளி 0.6 முதல் 0.65 மில்லிமீட்டர். பார்லிக்கு வைக்கும் 1 மில்லிமீட்டரில் விட்டால் பனிவரகு பாதி முழுசாகவே கீழே விழும். அள்ளிப் பார்த்து, உடையாத மணி தெரிந்தால் இன்னொரு தடவை ஓட்டுங்கள். இந்தத் தானியங்களில் வடிகட்டியாக நிற்கும் உமி மிகக் குறைவு. அதனால் 300 முதல் 500 கிராம் அரிசி உமியை அலசிக் கலக்க வேண்டும். நெல் உமியை இங்கே பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குவது ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அது இல்லாமல் அண்டா அடைத்துக்கொண்டால் வேடிக்கை இருக்காது. அண்டாவுக்குள் துணிப்பை போட்டுக் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பாதிக்கு மேல் குறையும்.

தண்ணீர் 18 லிட்டர், கிலோவுக்கு 3 லிட்டர் கணக்கு. அதை 88 டிகிரிக்குச் சூடாக்கினால், அறைச் சூட்டில் இருக்கும் தானியம் சேர்ந்ததும் சுமார் 80-இல் வந்து நிற்கும். தானியத்தைக் கொட்டுவதற்கு முன்பே, சூட்டைத் தாங்கும் ஆல்ஃபா அமிலேஸ் என்சைமைத் தண்ணீரில் கலந்துவிட வேண்டும். டெர்மமில் என்ற பெயரில் கிடைக்கும். இந்த வரிசை மாறினால், கேழ்வரகுக் களி கிண்டும்போது துடுப்பு நகராமல் நிற்குமே, அந்த நிலைக்கு அண்டா இரண்டே நிமிடத்தில் வந்துவிடும், பிறகு என்சைம் ஊற்றினாலும் உள்ளே இறங்காது. இந்த என்சைமுக்குக் கால்சியம் தேவை. தண்ணீர் மென்மையாக இருந்தால், 50 பிபிஎம் கால்சியம் வருகிற அளவுக்கு ஜிப்சம் அல்லது கால்சியம் குளோரைடு சேர்க்கவும். பிஎச் 5.4-இலிருந்து 5.6-க்குள், ஆறவைத்த மாதிரியில் அளந்தது. என்சைமின் அளவு அதன் அடர்த்தியைப் பொறுத்தது, விற்பவர் தரும் தாளில் உள்ளபடி போடுங்கள். கண்ணளவு கூடாது.

80 டிகிரியில் ஒரு மணி நேரம். நடுநடுவே கிளறிவிட வேண்டும். தொடக்கத்தில் கெட்டியாக இருந்தது இருபது நிமிடத்தில் சட்டென்று இளகித் தண்ணீராக ஓடும், முதல் என்சைம் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் 62 டிகிரிக்கு இறக்க வேண்டும். குளிர்விப்பான் சுருளைப் போடலாம், அதைவிடச் சுலபம் 20 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் 9 லிட்டர் ஊற்றுவது. அந்தத் தண்ணீர் எப்படியும் வேண்டியதுதான். 62-க்கு வந்ததும் இரண்டாவது என்சைம், மால்டோஸ் சர்க்கரையை அதிகமாகத் தரும் பூஞ்சை ஆல்ஃபா அமிலேஸ். செபாமில் எல் என்ற பெயரில் விற்கிறார்கள். இதை 80 டிகிரியிலேயே ஊற்றினால் அந்தக் கணமே செத்துவிடும். 62-இல் 60 முதல் 90 நிமிடம். முடிந்ததா என்று பார்க்க, தெளிந்த திரவத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் ஒரு சொட்டு. நீலக்கறுப்பு ஆனால் மாவு இன்னும் மிச்சம், நிறம் மாறாவிட்டால் வடிக்கலாம். தவிட்டுத் துண்டு ஒன்று விழுந்தாலும் கறுக்கும், அதனால் தெளிந்ததை மட்டும் எடுங்கள். சோதித்ததைக் கீழே கொட்டிவிடுங்கள், அண்டாவில் திருப்பி ஊற்றாதீர்கள். வடித்து, 5 லிட்டர் வெந்நீரால் ஒரு தடவை அலசினால், கொதிக்கவைக்க 25 லிட்டர் அளவில் வோர்ட் கிடைக்கும். எல்லாம் ஒழுங்காகப் போனால் கொதித்து முடிந்தபின் கிராவிட்டி 1.050-ஐ ஒட்டி இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைகளில் அமிலேஸ் என்று மட்டும் எழுதி விற்கும் வெள்ளைப் பொடிகளில் பல, குளூக்கோஅமிலேஸ். அது எதையும் மிச்சம் வைக்காது. மாவுச்சத்து முழுவதையும் குளூக்கோஸாக உடைத்துவிடும், ஈஸ்ட் அவ்வளவையும் தின்றுவிடும். கடைசி கிராவிட்டி 1.000-க்கும் கீழே போய், பீர் சோடாவுக்குச் சாராயம் கலந்ததுபோல் வறண்டு கிடக்கும். வேண்டுமென்றே வறண்ட பீர் செய்கிறவர்களுக்குச் சரி. மற்றவர்கள் என்சைமின் முழுப்பெயரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

இரண்டாவது வழியில் என்சைம் வாங்க வேண்டாம். அரைத்த மால்ட்டை 45 டிகிரித் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் மால்ட்டின் சொந்த என்சைம்கள் தண்ணீரில் இறங்கும். மேலே தெளிந்த அந்த நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கீழே தங்கிய கெட்டியை மட்டும் கொதிக்கவைத்து மாவைக் குழைய வேகவிட வேண்டும். அதை ஆறவிட்டு, எடுத்துவைத்த நீரைத் திரும்ப ஊற்றும்போது மொத்தமும் 65 டிகிரிக்கு வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அழகான முறை, செலவும் இல்லை. ஆனால் கெட்டி அடிப்பிடிக்கும், அரை நாள் கூடுதலாக ஓடும், பனிவரகில் அந்த என்சைம்களின் பலம் பார்லியளவு இல்லாததால் பலனும் ஒரே மாதிரி இருக்காது. இதில் என் பொறுமை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. 1988-இல் நைஜீரியா பார்லி மால்ட் இறக்குமதியைத் தடைசெய்தபோது அங்குள்ள பெரிய பீர் ஆலைகளே சோளத்துக்கு மாறி, வெளி என்சைம்களைத்தான் துணைக்குச் சேர்த்தார்கள். வீட்டு அடுப்பில் நாம் கௌரவம் பார்க்க என்ன இருக்கிறது?

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கேழ்வரகை வீட்டிலேயே முளைகட்டி மால்ட் ஆக்கலாமா என்று பலருக்கும் தோன்றும். ஆக்கலாம், சிறுதானியங்களில் நன்றாக மால்ட் ஆகக்கூடியது அது. ஒரு இரவு ஊறவைத்து, நடுவில் தண்ணீர் மாற்றி, ஈரத்துணியில் இரண்டு மூன்று நாள் முளைக்கவிட்டு, 50 டிகிரிக்கு மேல் போகாமல் காயவைத்து, வேரையும் முளையையும் உள்ளங்கையில் தேய்த்துப் புடைத்து நீக்க வேண்டும். பூஞ்சை கண்ணில் பட்டாலோ மக்கிய வாடை வந்தாலோ மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். சோளத்தை முளைகட்டினால் முளையையும் வேரையும் நீக்குவது இன்னும் முக்கியம், இளம் சோளமுளையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. கேழ்வரகு மால்ட் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை சேர்ந்தால் நல்ல நிறமும் மண்வாசமும் தரும். அதற்கு மேல் போனால் குடிப்பவர் கஞ்சியைத்தான் நினைத்துக்கொள்வார். கடையில் வாங்கும் கேழ்வரகும் கோதுமை அடைத்த அதே இடத்தில் அடைத்ததாக இருக்கலாம், குளூட்டன் இல்லை என்று எழுதிய பாக்கெட்டையே எடுங்கள்.

மாஷ் வேலையே வேண்டாம், பாகு வாங்கிக் கரைத்துக் காய்ச்சுகிறேன் என்பவர்களுக்கு வெள்ளைச் சோளப் பாகு இருக்கிறது. 1.5 கிலோ டப்பா இரண்டை 19 லிட்டரில் கரைத்தால் 1.049 வந்துவிடும், மூன்று மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அதன் பின்சுவையில் புளிப்பும் லேசான இரும்பு வாடையும் இருக்கும். பலர் ஒரே ஈட்டோடு இந்தப் பொழுதுபோக்கைக் கைவிடுவது இதனால்தான். குறைக்க வழி உண்டு. ஒரு டப்பாவை அரிசிப் பாகாக மாற்றுங்கள், அரிசிப் பாகின் லேபிளில் பார்லி என்சைம் சேர்க்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு. அரிசிப் பாகில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு, ஈஸ்ட் சத்துப்பொடி கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் நொதித்தல் பாதியில் நின்று அழுகிய முட்டை வாடை வரும். மக்காச்சோளத்தில் எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரின் 225 கிராம் சேர்த்தால் வாய்க்குக் கொஞ்சம் கனம் கிடைக்கும். பாகில் பாதியைக் கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது சேருங்கள், ஆரஞ்சு, எலுமிச்சை வாசம் தரும் ஹாப்ஸ் பூக்களைக் கடைசியில் தாராளமாகப் போடுங்கள், புளிப்பு அதனோடு இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்.

கொதியும் ஹாப்ஸும் பார்லி பீருக்கு உள்ளதுதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 60 நிமிடம் கொதி, தொடக்கத்தில் கசப்புக்கு கேஸ்கேட் ரக ஹாப்ஸ் 28 கிராம், கடைசி 10 நிமிடத்தில் வாசத்துக்கு 28 கிராம், அணைத்தபின் 28 கிராம். கனம் குறைந்த பீரில் கசப்பு தூக்கலாகத் தெரியும், அதனால் பார்லி செய்முறையைப் பார்த்துக் காய்ச்சுகிறவர்கள் கசப்பு ஹாப்ஸை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் 18 டிகிரிக்கு ஆறவைத்து, கிருமிநாசினியில் அலசிய ஃபெர்மென்டரில் (நொதிக்கவைக்கும் வாளியில்) ஊற்றி, 11.5 கிராம் உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட்டைத் தூவி, சத்துப்பொடியும் போட்டு மூடிவைக்க வேண்டும். 18 முதல் 20 டிகிரிக்குள் இரண்டு வாரம்.

பாட்டிலில் அடைக்கும்போதுதான் உடம்புக்கே ஆபத்தான தவறு நடக்கும். நுரை நின்றுவிட்டது, குமிழி வரவில்லை என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன மாஷில் அது 1.008-க்கும் 1.012-க்கும் இடையே நிற்கும். 19 லிட்டருக்கு 115 கிராம் மக்காச்சோளச் சர்க்கரை போட்டால் பீரின் கனஅளவைப்போல் 2.4 மடங்கு வாயு உண்டாகும், அது சாதாரண பீர் பாட்டில் தாங்குகிற அழுத்தம். நொதித்தல் முடியாமல் அடைத்துவிட்டால், மிச்சம் நிற்கும் கிராவிட்டி ஒவ்வொரு 0.001-க்கும் சுமார் அரை மடங்கு வாயு கூடும். வெறும் 0.004 மிச்சம் இருந்தால் அது 4-ஐத் தாண்டி, அலமாரியில் கண்ணாடி சிதறும். மாஷில் போட்ட என்சைம் கொதியில் அழிந்துவிடும், அதனால் பயமில்லை. மாஷ் சரியாக வரவில்லை என்று ஃபெர்மென்டரில் குளூக்கோஅமிலேஸைத் தூவுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அங்கே அதைக் கொல்ல எதுவும் இல்லை, மாவு தீரும்வரை அது வெட்டிக்கொண்டே இருக்கும், வாரக்கணக்கில். அப்படிச் செய்தவர்கள் ஒரு மாதமாவது காத்திருந்து, கிராவிட்டி நிஜமாகவே அசையவில்லை என்று தெரிந்தபின் அடையுங்கள்.

குடித்துப் பார்த்தால் எங்கே தவறு என்று நாக்கே சொல்லிவிடும். பச்சை மாவு வாடையும் தீராத கலங்கலும் என்றால் மாஷில் மாவு வேகவில்லை. புளிப்பும் இரும்பும் சோளப் பாகு. ஈர அட்டை வாடை, அடைக்கும்போது காற்றுப் பட்டது. பச்சை ஆப்பிள் வாடை, அவசரம், இன்னும் சில வாரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். நுரை ஊற்றிய கணத்தில் மறைந்தால் முதலில் டம்ளரைப் பாருங்கள், எண்ணெய்ப் பசையோ சோப்போ இருக்கும். அதுவும் இல்லையென்றால் தானியத்தின் குணம், அடுத்த ஈட்டில் பக்வீட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். பார்லி பீரின் நுரை வராது, அதற்காக மனம் உடைய வேண்டியதில்லை. 2012-இல் உலக பீர் கோப்பைப் போட்டியில் குளூட்டன் இல்லாத பிரிவின் மூன்று பதக்கங்களையும் மாண்ட்ரியலின் குளூட்டன்பெர்க் ஆலை அள்ளியது, சிறுதானியமும் பக்வீட்டும் கொண்டுதான்.

இவ்வளவு அல்லாட்டம் வேண்டாம் என்றால் ஆப்பிள் சைடர் இருக்கவே இருக்கிறது. வெட்ட வேண்டிய மாவுச்சத்தே அதில் இல்லை. 19 லிட்டர் ஆப்பிள் ஜூஸ், உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட், சத்துப்பொடி, முடிந்தது. ஜூஸ் லேபிளில் பொட்டாசியம் சார்பேட்டோ சோடியம் பென்சோயேட்டோ இருந்தால் ஈஸ்ட் எழும்பாது. வைட்டமின் சி இருந்தால் பரவாயில்லை. 1.048-இல் தொடங்கி 1.000-இல் முடிந்தால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கிப் பாருங்கள், 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு ஈடு முழுக்க 35 டாலரில் அடங்கும். பாத்திரமும் சுத்தமும் பழக, என்னைக் கேட்டால் எல்லோரும் இதில்தான் தொடங்க வேண்டும். தேன் மது என்றால் 19 லிட்டருக்கு 5.4 கிலோ தேன், கிராவிட்டி 1.084, முழுதாக நொதித்தால் 11 சதவீதம். தேனிலும் நைட்ரஜன் மிகக் குறைவு, சத்துப்பொடியை ஒரேயடியாகக் கொட்டாமல் முதல் நாலைந்து நாளில் பிரித்துப் போட வேண்டும், ஆறு மாதமாவது பாட்டிலில் கிடக்க வேண்டும்.

அரிசி மது செய்யப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். அரிசியில் குளூட்டன் இல்லை என்பதை நம்பிப் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கொரிய அரிசி மதுவான மக்கோலியை நொதிக்கவைக்கப் போடும் நுருக் பெரும்பாலும் கோதுமையில் செய்த கட்டி. சீனக் கடைகளில் விற்கும் ஈஸ்ட் உருண்டைகளிலும் சிலவற்றில் கோதுமை மாவு இருக்கும், லேபிளில் சின்ன எழுத்தில். ஜப்பானிய சாகேவுக்கான கோஜி (பூஞ்சை வளர்த்த தானியம்) வாங்கும்போது அரிசியில் வளர்த்ததா என்று கேளுங்கள், பார்லியில் வளர்த்த கோஜியும் அதே அலமாரியில் விற்கும். நேபாளம், சிக்கிம் பக்கம் கேழ்வரகை வேகவைத்து நொதிக்கவிட்டு, வெந்நீர் ஊற்றி மூங்கில் குழலால் உறிஞ்சும் தோங்பாவுக்கு மார்ச்சா என்ற கட்டி போடுவார்கள். அரிசி மாவோடு மூலிகை சேர்த்துச் செய்வது அது. ஆனாலும் யார் செய்தது, எந்த மாவில் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால், அரிசிக் கோஜியும் உலர் ஈஸ்ட்டும் போட்டு அதே கேழ்வரகை நொதிக்கவைக்கலாம். தோங்பாவின் ருசி அச்சாக வராது, வயிறு பத்திரமாக இருக்கும்.